பதின்வயதினருக்கான அமானுஷ்ய மர்ம நாவல்: கடைசிக் கைநாட்டை வைக்கலாமா, எடுத்துவிடலாமா?

அம்மாப்பேட்டைத் தறி
(இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகளுக்காக ஓர் அமானுஷ்ய மர்ம நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கடைசி அத்தியாயத்தில் ஒரு விஷயத்தை முடிவு செய்ய முடியாமல் கை நிற்கிறது. கதையை முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்துவிட்டால் பிறகு படிக்க மனம் வராது என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கதை நடப்பது ஏற்காட்டில், ஒரு மே மாதம். நாயகி சேலம் அம்மாப்பேட்டையில் தறி வைத்திருக்கும் வீட்டுப் பெண். ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டு, விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போகிறாள். அத்தை குடும்பம் ஒரு காப்பி எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் இருக்கிறது. அத்தையின் மாமனார் 1993 டிசம்பரில் ஓர் இரவு வேலைக்குப் போனவர், வீடு திரும்பவில்லை. "மலைக்கு அந்தப் பக்கத் தோட்டத்துக்கு மாற்றினோம், மார்ச் வரை வேலை செய்தார், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார்" என்று எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள். சம்பளப் பதிவேட்டிலும் மார்ச் வரை அவருடைய கைநாட்டு இருக்கிறது. பெண்டாட்டி பிள்ளைகளைத் தவிக்க விட்டு ஓடிப்போனவர் என்ற அவப்பெயரை அந்தக் குடும்பம் முப்பது வருடமாகச் சுமக்கிறது.

நாயகி வந்த இரண்டாம் இரவு, காப்பிப் பழத்தின் தோல் நீக்கும் இயந்திரம் இருக்கும், பூட்டிக் கிடக்கும் பல்ப்பர் ஷெட்டிலிருந்து இயந்திரம் ஓடும் சத்தம் கேட்கிறது. அதைத் துருவிக்கொண்டு போகிறவளுக்குப் பழைய பதிவேடு கிடைக்கிறது. பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். டிசம்பர் வரை உள்ள ரேகைகளில் பெருவிரலின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. கவாத்துக் கத்தி வெட்டிய தழும்பு அது. ஜனவரியிலிருந்து அந்தக் கோடு இல்லை. வேறு யாரோ வைத்த கைநாட்டு. அத்தையின் மாமனாரான அந்தத் தாத்தா டிசம்பரிலேயே ஷெட்டில் விபத்தில் இறந்திருக்கிறார். நஷ்டஈடு கொடுக்க நேரும் என்று மறைத்திருக்கிறார்கள்.

இதுவரை எனக்குத் தடுமாற்றம் இல்லை. பதிவேட்டை அதிகாரியிடம் ஒப்படைப்பதற்கு முன்பு, எழுதாமல் விட்ட கடைசிப் பக்கத்தை நாயகி திருப்புகிறாள். அங்கே ஒரு கைநாட்டு. மை இன்னும் காயவில்லை. குறுக்கே வெள்ளைக் கோடு.

இந்தக் கடைசிக் கைநாட்டை எடுத்துவிட்டால் சத்தத்துக்கு ஒரு காரணம் சொல்லி முடித்துவிடலாம். வைத்தால் ஆவி உண்மை என்று ஆகிவிடும். பிள்ளைகளுக்கான நூலில் எது சரி?


பழைய மாதநாவல்

சேலம் குகைப் பகுதியிலிருந்து எழுதுகிறேன். எழுபது எண்பதுகளில் பழைய பஸ் நிலையத்துக் கடைகளில் மாத நாவல் வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறை நான். அன்று பேய்க் கதைகள் இரண்டு வகையாக முடியும். ஒன்றில் பேய் கடைசியில் கடத்தல்காரனின் ஆள் ஆகிவிடும். வெள்ளைப் புடவை, பாஸ்பரஸ் பூச்சு, அவ்வளவுதான். இன்னொன்றில் பேயே கொலையும் செய்யும், தண்டனையும் கொடுக்கும். துப்பறிய வந்தவர் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார். முதல் வகையில் நூறு பக்கம் நாம் பட்ட பயத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று கோபம் வரும். இரண்டாவதில் நூறு பக்கம் நாம் யோசித்த யோசனைக்கு மரியாதை இல்லை.

உங்கள் கதையில் குற்றம் மனிதர் செய்தது. அதைக் கண்டுபிடித்ததும் ஒரு பெண்ணின் கண்ணும் மூளையும். ஆவி அந்த இரண்டிலும் கை வைக்கவில்லை. ஆகவே கைநாட்டு இருக்கட்டும் என்பது என் கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு.

விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளத்துக்குச் சட்டம் இருக்கிறது. விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் அரசனின் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். இந்தச் சட்டம் முதல் கதையிலேயே நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு புதிரிலும் அரசனோடு சேர்ந்து நாமும் யோசிக்கிறோம். பேய் நினைத்ததையெல்லாம் செய்யும் என்றால் படிப்பவர் யோசிக்க எதுவுமே இல்லை.

உங்கள் தாத்தாவின் ஆவிக்குச் சட்டம் என்ன? அதை முதலில் எழுதி வையுங்கள். எனக்குத் தோன்றுவது: உயிரோடு இருந்தபோது தன் கையால் என்ன வேலை செய்தாரோ அதை மட்டும் செய்ய முடியும். பல்ப்பர் ஓட்டுவார். கைநாட்டு வைப்பார். பேச முடியாது, கதவைச் சாத்த முடியாது, யாரையும் தள்ள முடியாது, பதிவேடு இருக்கும் இடத்தைக் காட்டவும் முடியாது. இந்த எல்லை பாதிக் கதைக்குள் வாசகருக்குப் புரிந்துவிட வேண்டும். அப்போது கடைசிப் பக்கத்துக் கைநாட்டு வானத்திலிருந்து குதித்ததாக இராது.


பத்தாம் வகுப்பு பி பிரிவு

வணக்கம். நான் பள்ளி மாணவன். நீங்கள் யாருக்காக எழுதுகிறீர்களோ அந்த வயது. மாதநாவல் தாத்தா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். கைநாட்டை வைத்துவிடுங்கள் அக்கா.

பேய் இல்லை என்று எங்களுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. அறிவியல் பாடத்தில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கதை படிக்கும்போது பயப்பட வேண்டும் என்றுதான் எடுக்கிறோம். கடைசியில் பெரியவர் ஒருவர் வந்து எல்லாவற்றையும் விளக்குவதுதான் பிடிக்காது. போலீஸ் மாமா, தாசில்தார் மாமா, தலைமையாசிரியர், யாராவது வந்து நான்கு பக்கம் பேசுவார்கள். அந்த நான்கு பக்கத்தையும் நான் தாண்டிவிடுவேன். வெள்ளைக் கோட்டை அவள் தானே பார்க்கட்டும். அவளே வாய் திறந்து சொல்லட்டும்.

இன்னொன்று, அவள் பார்ப்பதற்கு முன்பே நான் பார்க்க வாய்ப்பு வேண்டும். தழும்பைப் பற்றி முன்னாலேயே எங்காவது எழுதியிருக்கிறீர்களா?


அம்மாப்பேட்டைத் தறி

எழுதியிருக்கிறேன் தம்பி. மூன்றாம் அத்தியாயத்தில் அத்தை வெங்காயம் நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொள்கிறார். "எங்கள் மாமனாருக்கும் இதே விரல்தான், கவாத்தில் வெட்டிக்கொண்டது, நகம் வரை கோடு" என்று சொல்லிவிட்டு மஞ்சள் தூளை அழுத்தியபடி சமையலைத் தொடர்கிறார். நாயகியின் கவனம் அப்போது பலாப்பழத்தில் இருக்கிறது. பதிவேடு கிடைப்பது ஒன்பதாம் அத்தியாயத்தில்.

சட்டத்தைப் பற்றிச் சொன்ன ஐயாவுக்கு நன்றி. அதைப் படித்துவிட்டு இரண்டு காட்சிகளை மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.


காப்பிக்களம்

சேர்வராயன் மலை எஸ்டேட்டுகளில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். கதையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தொழிலைப் பற்றிச் சொல்லலாம்.

மே மாதத்தில் பல்ப்பர் சத்தம் கேட்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைவிடப் பயங்கரமான ஒன்றை எங்கள் ஆட்களிடம் சொல்ல முடியாது. பழம் பறிப்பு கார்த்திகையில் சூடு பிடித்துத் தை வாக்கில் ஓய்ந்துவிடும். அன்றன்று பறித்த பழத்தை அன்றன்றே பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்க வேண்டும். வைத்திருந்தால் புளித்துக் கொட்டையின் தரம் கெட்டுவிடும். அதனால்தான் பறிப்புக் காலத்தில் ஷெட்டில் ராத்திரி வேலை. மாசி, பங்குனியில் பூ மழை வந்து செடி வெள்ளையாகப் பூக்கும். மே மாதத்தில் செடியில் இருப்பது பச்சைப் பிஞ்சு. பல்ப்பரில் போட உலகத்தில் பழமே கிடையாது.

உங்கள் நாயகி அம்மாப்பேட்டைப் பெண். தறிச் சத்தத்தில் வளர்ந்தவளுக்கு இயந்திரம் ஓடுவது ஒரு பொருட்டாகத் தோன்றாது. அவள் எழுந்து அத்தையிடம் "இந்நேரத்துக்கு வேலை நடக்கிறதா?" என்று சாதாரணமாகக் கேட்கட்டும். அத்தை பதில் சொல்லாமல் எழுந்து உட்கார்ந்து சத்தத்தைக் கேட்கட்டும். படிக்கும் பிள்ளைகளுக்கு ஏன் என்று அப்போது தெரிய வேண்டாம். பல பக்கம் தள்ளி, செடியில் பச்சைக் காயைக் காட்டி யாராவது பறிப்புக் காலத்தைச் சொல்லும்போது அவர்களுக்கே உறைக்கும்.

சத்தத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். வெறும் பல்ப்பர் ஓடும் சத்தம் வேறு, பழம் விழுந்து ஓடும் சத்தம் வேறு. வெறுமையாக ஓடினால் வறட்டு உலோகச் சத்தம். பழம் விழுந்தால் தொண்டை அடைத்தாற்போல் மந்தமாகும், கூடவே தண்ணீர் ஓடும். உங்கள் அத்தை அதைக் கேட்டே "உள்ளே பழம் ஓடுகிறது" என்று சொல்லக்கூடியவர்.

நாங்கள் பதிவேட்டைச் செக்ரோல் என்றுதான் சொல்வோம். 1993இல் அப்படித்தான், பேர் போட்டு, நாள் போட்டு, சம்பளத்தன்று கைநாட்டு. இப்போது பல இடங்களில் பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஆகவே கதையை அந்தக் காலத்துப் பதிவேட்டில் வைத்தது பொருத்தம். மறைத்ததற்கான காரணத்தையும் இன்னும் இறுக்கலாம். வேலையில் இறந்தால் அன்று 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி நஷ்டஈடு உண்டு. கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடைக்கு ஐந்து வருட சர்வீஸ் வேண்டும் என்பார்கள். தொழிலாளி இறந்துபோனால் அந்த ஐந்து வருட நிபந்தனை பொருந்தாது. "சொல்லாமல் போய்விட்டார்" என்று எழுதிவைத்தால் விபத்தும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. ஏன் மார்ச் வரை இழுத்தார்கள் என்றால், பறிப்பு முடிந்து கூலியாட்கள் கலைந்து போகும்வரை யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது.


அச்சுக்கூடம்

சிறிய அளவில் பதிப்பகம் நடத்துகிறேன். எதிர்க் கருத்து ஒன்றும் இருக்கட்டும்.

பிள்ளைகளின் புத்தகத்தைப் பிள்ளைகள் வாங்குவதில்லை. சேலம் புத்தகத் திருவிழாவில் கடை போட்டவர்களுக்குத் தெரியும்: பையன் எடுப்பான், அம்மா பின்னட்டையைப் படிப்பார், அப்பா விலையைப் பார்ப்பார். பள்ளி நூலகத்துக்கு என்றால் தலைமையாசிரியர் புரட்டிப் பார்ப்பார். கடைசிப் பக்கத்தில் ஆவி உண்மை என்று இருந்தால் மூடநம்பிக்கையை வளர்க்கிறது என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார்கள். நல்ல கதை அலமாரிக்கே வராமல் போவதைவிட, ஒரு கைநாட்டை இழப்பது பரவாயில்லை.

வைத்தே தீருவது என்றால், முழுப் பேய்க் கதையாகவே எழுதிவிடுங்கள். முதியவரின் ஆவியைவிட இளம் பெண்ணின் ஆவிக்கு ஈர்ப்பு அதிகம். மலையுச்சியிலிருந்து குதித்து உயிரை விட்ட பெண் பழி வாங்க வருகிறாள் என்று மாற்றலாம். சந்தேகத்தைத் திசைதிருப்ப ஒரு மலைவாழ் மந்திரவாதி. எஸ்டேட் பங்களாவில் வெள்ளைக் கவுன் அணிந்த ஆங்கிலேயச் சீமாட்டி. அட்டைப்படத்துக்கும் எடுப்பாக இருக்கும்.


மணியோசை

அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. மேலே உள்ள யோசனைக்கு உடனே பதில் சொல்லியாக வேண்டும்.

உயிரை மாய்த்துக்கொண்ட பெண், இறந்த பிறகு வலிமை பெற்று, தன்னை அவமதித்தவர்களையெல்லாம் மண்டியிட வைக்கிறாள். பெரியவர்களுக்கு இது பழகிப்போன கதை. பதினைந்து வயதில், மதிப்பெண் குறைந்ததற்காகவோ கைப்பேசியில் வந்த ஒரு படத்துக்காகவோ அழுதுகொண்டிருக்கும் பெண் இதைப் படித்தால் அவளுக்கு என்ன கேட்கும்? "நீ இருக்கும்வரை யாரும் உன் பேச்சைக் கேட்க மாட்டார்கள், போன பிறகு கேட்பார்கள்" என்று கேட்கும். பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் அழைத்துப் பேசுகிற ஆசிரியர்கள் நாங்கள். இந்த வயதுக்கு எழுதுகிறவர் அந்த வாசலைத் திறக்கக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அக்காவின் கதையில் ஆவி பழி வாங்கவில்லை. "நான் ஓடிப்போகவில்லை" என்று மட்டும் சொல்கிறது. இறந்தவருக்குக் கிடைக்காத நீதியை உயிரோடு இருக்கும் பெண் வாங்கிக் கொடுக்கிறாள். வலிமை முழுவதும் உயிரோடு இருப்பவள் பக்கம். இந்தச் சமநிலையைக் குலைத்துவிடாதீர்கள்.

மற்றொன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை (தம்மை ஆள்பவர்). பேய்க் கதை எழுதுகிறவர்கள் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள். உங்கள் கதைக்குள் நான்கும் இருக்கின்றன. ஷெட்டின் சத்தம் அணங்கு. ராத்திரியில் தோட்டத்துக்குள் காட்டெருமை நிற்கும், அது விலங்கு. பொய்க் கைநாட்டு வைத்தவர் கள்வர். நான்காவதைத்தான் நீங்கள் இன்னும் தொடவில்லை என்று நினைக்கிறேன். லைன் வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போகும். நாயகி கிளறிக்கொண்டே போகும்போது அத்தைக்கு வரும் பயம் ஆவியைப் பற்றியதாகவா இருக்கும்? முதலாளி வீட்டைக் காலி செய்யச் சொன்னால் இந்த மழையில் எங்கே போய் நிற்பது என்பதுதான் அவருக்குப் பயம். அந்தப் பயத்தை எழுதுங்கள். பத்தாம் வகுப்புத் தம்பிக்கும் அது புரியும். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே அப்பாவோடு நின்ற எந்தப் பிள்ளைக்கும் புரியும்.


சேர்வராயன் பேத்தி

நான் மலையில் பிறந்தவள், இப்போது சேலத்தில் கல்லூரியில் படிக்கிறேன். எங்களை மலையாளிகள் என்பார்கள். கேரளத்துக்கும் எங்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆள்கிற தமிழ் பேசும் குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய அண்ணன் தம்பி மூவரில் மூத்தவர் சேர்வராயன் மலைக்கும், அடுத்தவர் கொல்லிமலைக்கும், இளையவர் பச்சைமலைக்கும் போனார்கள் என்பது எங்கள் வழிவழிக் கதை.

அந்த மந்திரவாதியை விட்டுவிடுங்கள் ஐயா. கதை என்றால் எங்கள் தாத்தாக்கள் எலும்பு மாலையோடு வருகிறார்கள், கோழி அறுக்கிறார்கள், கடைசியில் நல்லவராகவோ போலியாகவோ முடிகிறார்கள். பள்ளியில் அப்படி ஒரு கதை படித்துவிட்டு மறுநாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தது எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். முனியப்பன் விஷயத்திலும் இதையேதான் சொல்வேன். எத்தனையோ வீடுகளுக்கு அவர் குலதெய்வம், எல்லைக் காவல். அவரைப் பேயாக்கி எழுதினால் படிக்கும் பிள்ளை தன் வீட்டுச் சாமியைப் பார்த்துக் கூச வேண்டியிருக்கும்.

மலையில் எழுதுவதற்கு வேறு எவ்வளவோ இருக்கிறது. சேர்வராயன் கோயில் ஒரு குகை. குனிந்துதான் போக வேண்டும், உள்ளே சில்லென்று ஈரம். சேர்வராயனும் காவிரியம்மனும் அங்கே இருக்கிறார்கள், அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று எங்கள் பாட்டி சொல்வார். மே மாதத் திருவிழாவுக்கு எல்லாக் கிராமத்திலிருந்தும் சனம் வரும். உங்கள் கதையும் மே மாதம்தான். எஸ்டேட்டில் எல்லோரும் திருவிழாவுக்குப் போய்விட்ட நாளில் அந்தப் பெண் ஷெட்டைத் திறக்கலாமே.

அப்புறம், எங்கள் மலையின் சில சிறு கோயில்களில் பிள்ளையாருக்கு முன்னால் வழுவழுப்பான கற்களைக் குவித்து வைத்திருப்பார்கள். அவை புதிய கற்காலத்து மனிதர் தேய்த்துக் கூராக்கிய கோடரிகள். உழும்போது கிடைத்ததைச் சாமிக்கு வைத்தார்கள். சின்ன வயதில் அதில் ஒன்றைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கைக்குள் அடங்கும், விரல் வைக்கிற இடம் தானாகத் தெரியும். யாரோ ஒருவருடைய கை ஆயிரக்கணக்கான வருடம் கழித்து என் கையில் படுவதுபோல் இருந்தது. அக்காவின் கைநாட்டுக் கதையைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.


பழைய மாதநாவல்

பேத்தி சொன்னதற்கு ஒட்டிக்கொண்டு ஒன்று. வெள்ளைக் கவுன் சீமாட்டி வேண்டவே வேண்டாம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியை மலைக்குக் கொண்டுவந்ததிலிருந்து, பங்களாவில் இருந்தவர்களைப் பற்றி எழுதியாயிற்று. லைன் வீட்டிலிருந்து ஒரு ஆவி வந்து தன் கணக்கைக் கேட்பதை நான் படித்ததில்லை.

வெள்ளைக்காரர்களில் ஒருவரைத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும் என்றால் ராபர்ட் புரூஸ் ஃபூட்டைக் கொண்டுவரலாம். 1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவர். கடைசிக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தார். ஆவியாக வேண்டாம், நாயகி படிக்கும் நூலக அலமாரியில் அவர் பேர் இருந்தால் போதும். தரையில் கிடக்கும் கல்லை எடுத்து, இது யார் கை பட்டது என்று கேட்டவர் அவர். உங்கள் பெண் செய்வதும் அதே வேலை.


அழுத்தமானி

இயற்பியல் ஆசிரியன். துப்பு எப்படி வைப்பது என்பது பற்றி ஆசை ஆசையாக எழுத வந்தேன்.

மலையில் நடக்கும் கதைக்கு மலையே துப்பு கொடுக்கும். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரம், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். காற்றழுத்தம் மேலே சுமார் எட்டில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டும்போது உப்பி நிற்பதைப் பஸ்ஸில் போன எல்லாப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள். அதன் மறுபக்கத்தை யாரும் யோசிப்பதில்லை. ஏற்காட்டில் பாதி குடித்துவிட்டு மூடி இறுக்கிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், சேலம் வந்ததும் விலாவில் அமுங்கிப்போயிருக்கும்.

இப்போது காட்சியைப் பாருங்கள். பொய்க் கைநாட்டுக்குக் காரணமானவரின் மகன், "இந்த வாரம் நான் மலைக்கே வரவில்லை" என்கிறார். அவர் சேலத்து வீட்டு மேசையில் மூடி இறுக்கிய, பாதி காலியான, அமுங்கிய பாட்டில். நாயகி அதைப் பார்க்கிறாள், நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விடுகிறீர்கள். இருபது பக்கம் கழித்து அவளுடைய பையிலும் அதேபோல ஒரு பாட்டில் அமுங்கியிருக்கும்போது அவளுக்கு விளங்குகிறது. படித்த பிள்ளை அடுத்த முறை ஏற்காடு போய்வரும்போது சோதித்துப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: பாட்டில் வெயிலில் இருந்தால் உள்ளே காற்று சூடாகி உப்பிவிடும், குளிர்ந்தாலும் சற்று அமுங்கும். ஆகவே இதை மட்டும் வைத்து ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல வைக்காதீர்கள். சந்தேகம் பிறக்க இது போதும், நிரூபிக்க ரேகை இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. காலை வெயில் முதுகில் விழ, எதிரே பள்ளத்தில் மூடுபனி நிற்கும்போது நம் நிழல் பனியின் மேல் பெரிதாக விழும்; தலையைச் சுற்றி வண்ண வளையம் தெரியும். பார்ப்பவருக்குப் பூதம் எழுந்து நிற்பதுபோல் இருக்கும். இதில் அழகு என்னவென்றால், இரண்டு பேர் அருகருகே நின்றாலும் அவரவர் தலையைச் சுற்றித்தான் அவரவருக்கு வளையம் தெரியும். "தள்ளி நின்ற அவள் நிழலின் தலையைச் சுற்றி ஒளி வட்டம் பார்த்தேன்" என்று யாராவது சாட்சி சொன்னால் அந்தச் சாட்சி பொய்.

கைநாட்டைப் பற்றி: அறிவியல் ஆசிரியனாக இருந்துகொண்டே சொல்கிறேன், வைத்துவிடுங்கள். சோதிக்கக்கூடிய எல்லாவற்றையும் நாயகி சோதித்து முடித்த பிறகு மிச்சம் ஒன்று நிற்கிறது என்றால், அது பிள்ளையை மூடநம்பிக்கைக்குத் தள்ளாது. சோதிக்கவே விடாத கதைதான் தள்ளும்.


அச்சுக்கூடம்

மணியோசை அம்மா சொன்னதையும் பேத்தி சொன்னதையும் ஏற்றுக்கொள்கிறேன். அந்த இரண்டு யோசனைகளையும் திரும்பப் பெறுகிறேன். பள்ளி நூலகம் பற்றிய என் கவலை மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு வழி சொல்லட்டுமா? கைநாட்டு இருக்கட்டும், ஆவி என்ற சொல் அந்த அத்தியாயத்தில் வரவே வேண்டாம். நாயகி கூவ வேண்டாம், மயங்கி விழ வேண்டாம். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். என்ன பெயர் வைப்பது என்பதைப் படிப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதை சொல்வது எழுத்துத் தமிழில் இருக்கட்டும், வாக்கியம் சிறியதாக இருக்கட்டும். உரையாடலில் அத்தை சேலத்துப் பேச்சைப் பேசலாம். தமிழில் வேகமாகப் படிக்கப் பழகாத பிள்ளைகள் இன்று நிறைய. முதல் மூன்று பக்கத்தில் அவர்கள் தடுக்கி விழுந்தால் பிறகு எந்தப் பேயும் அவர்களை இழுத்துக்கொண்டு வராது.


அம்மாப்பேட்டைத் தறி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கைநாட்டு இருக்கிறது. முடிவு செய்துவிட்டேன்.

தாத்தாவின் சட்டம் இப்படி நிற்கிறது: அவர் தன் வேலையை மட்டும் செய்வார். அத்தை சத்தத்தைக் கேட்டு எழுந்து உட்காரும் காட்சி இரண்டாம் அத்தியாயத்தின் முடிவாகிறது. பச்சைக் காய் ஏழாம் அத்தியாயத்தில் வரும். பாட்டிலை அப்படியே எடுத்துக்கொள்கிறேன் ஐயா. திருவிழா நாளன்று ஷெட்டைத் திறக்கிறாள். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் பயத்துக்குத் தனியாக ஓர் அத்தியாயம் எழுதப்போகிறேன். நாவலில் மிகவும் பயங்கரமான அத்தியாயம் அதுவாகத்தான் இருக்கும், அதில் ஆவி வராது.

கடைசிப் பக்கத்தை நேற்று இரவு மறுபடி எழுதினேன்:

"மார்ச் மாதத்தோடு பதிவேடு முடிந்திருந்தது. அடுத்த தாளைத் திருப்பினாள். விரல் நுனியில் ஏதோ ஒட்டியது. பார்த்தாள், நீல மை. தாளின் நடுவில் ஒரு பெருவிரல் ரேகை, குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. ஷெட்டில் மை அட்டை எதுவும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். காலையில் எல்லா இழுப்பறைகளையும் திறந்து பார்த்தவள் அவள்தான். வெளியே அத்தை கூப்பிட்டாள். பதிவேட்டை மூடாமல், மை கலைந்துவிடாதபடி இரண்டு கைகளிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தாள்."


பத்தாம் வகுப்பு பி பிரிவு

"அவளுக்குத் தெரியும்" என்ற வாக்கியத்தைக் கொஞ்சம் முன்னாலேயே கொண்டுபோய்விடுங்கள் அக்கா. அவள் இழுப்பறைகளைத் திறக்கும் காட்சியிலேயே மை அட்டை இல்லை என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தால், இங்கே சொல்லவே வேண்டாம். அவள் நடந்து போவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.


காப்பிக்களம்

தம்பி சொல்வது சரி. அந்தக் காலத்து மை அட்டை வட்டத் தகர டப்பாவில் வரும், மூடி துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். இழுப்பறையில் காலி டப்பா ஒன்று கிடக்கட்டும், உள்ளே மை காய்ந்து பொருக்காகி இருக்கட்டும். அவள் நகத்தால் சுரண்டிப் பார்க்கட்டும்.


அம்மாப்பேட்டைத் தறி

காய்ந்த டப்பா! இழுப்பறைக் காட்சிக்குள் போட்டுவிட்டேன். அந்த வாக்கியத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டேன். முதல் ஐந்து அத்தியாயங்கள் தயாராக இருக்கின்றன. தம்பி, உங்கள் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அனுப்பிவைக்கிறேன். பேத்தி, திருவிழா அத்தியாயத்தை முதலில் நீங்கள் படித்துவிட்டுச் சொன்ன பிறகுதான் மற்றவர்களுக்கு.


சேர்வராயன் பேத்தி

அனுப்புங்கள் அக்கா. அம்மாவிடமும் படித்துக் காட்டுகிறேன். தேர் எந்த வழியாகப் போகும், யார் முன்னால் நிற்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.